வீட்டுப்பாடத்தை டைரியில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்: தனியார் பள்ளிகள் இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தனியார் பள்ளிகள் இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

மதுரையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அங்கே மட்டும் விசாரணை நடக்கும், வகுப்பாசிரியை ஒருவர் திட்டு வாங்குவார், மற்ற பள்ளிகளில் எல்லாம் அப்படியே தொடரும். நான் கேட்பது எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவாக ஒரு வரிச் சுற்றறிக்கை: வீட்டுப்பாடத்தை மாலை மணி அடிப்பதற்குள் டைரியில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டாம்.

போன வாரம் ஓர் இரவு, ஒன்பது மணி வாக்கில் வகுப்பு குரூப்பில் ஒரு செய்தி வந்தது. ‘மதுரையின் சிறப்புகள்’ என்ற தலைப்பில் படங்களைக் கலர் பிரிண்ட் எடுத்து, சார்ட்டில் ஒட்டி, மறுநாள் காலை கொண்டு வர வேண்டுமாம். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் எந்த ஜெராக்ஸ் கடை திறந்திருக்கும்? பழைய காலண்டரில் இருந்து மீனாட்சி அம்மன் கோயில் கோபுரத்தை வெட்டினோம். மல்லிகைப் பூவை மகளே வரைந்தாள். நான் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறவள். சுங்குடிக்குப் படம் எதற்கு என்று, முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த துணியிலேயே ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தேன். பசை உலர்வதற்குள் பிள்ளை தூங்கிவிட்டாள்.

மறுநாள் முதல் பீரியட் முழுக்க அவளை நிற்க வைத்திருக்கிறார்கள். பிரிண்ட் எடுக்கவில்லை என்பது குற்றம். “உங்க அம்மா குரூப் பார்க்கறதே இல்லையா?” என்று எல்லோர் முன்னாலும் ஒரு கேள்வி வேறு. 2005-இலேயே புவிசார் குறியீடு வாங்கிய துணி, அதே ஊர்ப் பள்ளிக்கு நேரில் போயும் எடுபடவில்லை. கூகுளில் இருந்து படமாக இறங்கி வந்திருந்தால் மரியாதை கிடைத்திருக்கும்.

இந்த குரூப்புகள் எப்படி வந்தன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். வேறு வழியில்லை, ஃபோனில் பாடம் நடந்தது. கடன் வாங்கி ஃபோன் வாங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அன்றைக்கு யாரும் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருந்த ஆசிரியர்களுக்கு நன்றிதான் சொன்னோம். 2021 நவம்பர் 1-ஆம் தேதி ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளைத் திறந்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள். குரூப் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

என் ஃபோனைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் வீட்டில் வாட்ஸ்அப் உள்ள ஃபோன் ஒன்றுதான். என் கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், அவரிடம் இருப்பது பட்டன் ஃபோன். என் ஃபோன்தான் என் கடை. வாடகைக்கு இடம் பிடித்துக் கடை போட என்னிடம் முதல் கிடையாது. காலை வெயிலில் மாடியில் சேலையை விரித்துப் படம் எடுப்பேன், ஏனென்றால் டியூப் லைட்டில் எடுத்தால் மாம்பழ மஞ்சள் எலுமிச்சை மஞ்சளாகத் தெரியும், சேலை திரும்பி வரும். படங்களை ஸ்டேட்டஸில் போடுவேன். கேட்பவர்கள் எல்லாம் வேலைக்குப் போகும் பெண்கள். வீட்டுக்கு வந்து, சமையலை முடித்து, ஏழில் இருந்து பத்து மணிக்குள்தான் பார்ப்பார்கள். “முந்தி எப்படி இருக்கும் அக்கா?”, “இதே டிசைன் கரும்பச்சையில் வருமா?”, “இன்னிக்கு போட்டா வெள்ளிக்கிழமைக்குள்ள கூரியர் வந்துடுமா?” இந்த மூன்று மணி நேரம்தான் எனக்கு வியாபாரம்.

பள்ளி குரூப்பும் சரியாக அந்த நேரத்தில்தான் விழிக்கிறது.

மகள் ஃபோனை வாங்குவாள். ஆங்கிலப் பாடத்தின் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதி, அதைப் படம் எடுத்துப் போட்டிருப்பார்கள். (கரும்பலகையில் எழுத நேரம் இருந்திருக்கிறது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.) அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒரு வரி பார்த்து, நோட்டில் எழுதி, திரை அணைந்ததும் மறுபடி என்னிடம் கொண்டு வந்து விரலை வைக்கச் சொல்வாள். நடுவில் ஒரு வாடிக்கையாளரின் செய்தி மேலே வந்து விழும். அவள் கை பட்டு அது திறந்துகொள்ளும். அந்தப் பக்கம் இரண்டு நீல டிக் விழுந்துவிடும். நான் அடுக்களையில் இருப்பேன், எனக்குத் தெரியாது. பார்த்தும் பதில் சொல்லவில்லை என்று அந்தப் பெண் பத்து நிமிடம் காத்திருப்பார், பிறகு வேறொருவரிடம் வாங்கிவிடுவார். சுங்குடி விற்கிறவர்களுக்கு மதுரையில் பஞ்சமா? கல்யாணத்துக்கு வரும் பெண்களுக்கு வைத்துக் கொடுக்க மொத்தமாகச் சேலை கேட்ட ஒருவர் அப்படித்தான் போனார். மறுநாள் பதில் போட்டேன். “வேற இடத்துல சொல்லியாச்சு சிஸ்டர்” என்று வந்தது.

பிள்ளையைத் திட்ட முடியுமா? வீட்டுப்பாடம் செய்தது அவள் தப்பா? ஃபோனைப் பிடுங்கினால் நாளைக்கு அவள் நிற்க வேண்டும். கொடுத்தால் எனக்கு வியாபாரம் போகும். இந்த இரண்டில் எதை எடுப்பது என்று ஒரு தாயை இரவு எட்டு மணிக்கு நிறுத்துகிற உரிமையைப் பள்ளிக்கு யார் கொடுத்தது? இத்தனைக்கும் இதைத் தீர்க்கத் தேவையானது ஒரு பேனா, ஒரு டைரி. டைரிக்குக் காசும் வாங்குகிறார்கள். பள்ளிச் சின்னம் போட்ட அட்டை, முதல் பக்கத்தில் தாளாளரின் படம், உள்ளே ஜூன் மாதத்தில் மட்டும் எழுத்து, அதற்கப்புறம் வெள்ளைத் தாள்.

அந்த வெள்ளைத் தாளைப் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது. மத்திய அரசின் 2020 பள்ளிப் பை கொள்கையும் அதையே சொல்கிறது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம் என்கிறது. நாளுக்கு இல்லை ஐயா, வாரத்துக்கு. உங்கள் அலுவலர்கள் ஆய்வுக்கு வந்து டைரியைப் புரட்டினால் எல்லாம் சுத்தமாக இருக்கும். வீட்டுப்பாடம் முழுக்க எங்கள் ஃபோனில் இருக்கிறது, அதை எந்த அலுவலரும் திறந்து பார்ப்பதில்லை. டைரியில் எழுதினால் எவ்வளவு கொடுத்தார்கள், என்றைக்குக் கொடுத்தார்கள் என்று தேதியோடு நிற்கும். குரூப்பில் போட்டதை வேண்டுமென்றால் மறுநாள் அழித்துவிடலாம். இவ்வளவு வசதி இருக்கும்போது பள்ளிகள் தாமாக டைரிக்குத் திரும்பும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

எங்களால் திருப்பிக் கேட்கவும் முடியாது. முன்பு குரூப்பில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். குட் மார்னிங்கும் கும்பிடும் கைகளும் ‘ஓகே மேம்’களும் குவிந்து, வீட்டுப்பாடத்தை அதற்கடியில் தேட வேண்டியிருந்தது. இப்போது அட்மின் மட்டும்தான் எழுத முடியும். ஃபீஸ் கட்டச் சொல்லி வரும், பிரிண்ட் எடுக்கச் சொல்லி வரும். கடை மூடிவிட்டது என்று ஒரு வரி பதில் போட வழியில்லை.

எழுத எழுத இன்னொன்றும் வருகிறது, சொல்லிவிடுகிறேன். சொந்தமாக வாட்ஸ்அப் கணக்கு வைத்துக்கொள்ள 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது அந்த நிறுவனமே வைத்திருக்கும் விதி. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதில் வீட்டுப்பாடம் போடுகிற பள்ளி, ஆண்டு விழாவில் ‘செல்ஃபோனால் சீரழியும் சிறுவர்கள்’ என்று நாடகமும் போடுகிறது. கேள்வி வாட்ஸ்அப்பில் வருகிறது. அதே வாட்ஸ்அப்பில் இப்போது மெட்டா ஏஐ என்று ஒரு வட்டம் இருக்கிறது, பெரிய பிள்ளைகள் அதில் கேட்டால் பதிலும் வந்துவிடுகிறது. நடுவில் பிள்ளைக்கு மிஞ்சியது பார்த்து எழுதும் வேலை மட்டும். அப்புறம் அட்மிஷன் காலம் வந்தால் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ். எல்கேஜி பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஆட வைத்து, கீழே ‘அட்மிஷன் ஓபன்’ என்று ஓட விடுகிறார்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023-இல் நாடாளுமன்றம் சட்டமே போட்டது. என்னிடம் யாரும் கேட்டதில்லை. நான் சேலையைக் கட்டி நிற்கும் பெண்ணின் படத்தைப் போடுவதற்குக்கூட அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன், நானும் வியாபாரம்தான் செய்கிறேன்.

செலவையும் சொல்ல வேண்டும். 2024 ஜூலையில் பெரிய தனியார் செல்ஃபோன் நிறுவனங்கள் எல்லாம் கட்டணத்தை ஏற்றின. ஜியோவில் 239 ரூபாய்க்குப் போட்ட ரீசார்ஜ் 299 ஆனது. அதுவும் 28 நாளைக்கு. வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம், ரீசார்ஜ் பதின்மூன்று. எனக்காவது அதில் வியாபாரம் நடக்கிறது. வீட்டு வேலைக்குப் போகும் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, குரூப்புக்காகவே ரீசார்ஜ் போடுகிறார்.

ஆசிரியைகள் மீது எனக்குக் கோபம் இல்லை. இரவு ஒன்பது மணிக்குச் செய்தி போடுகிற மிஸ்ஸும் அடுப்படியில் நின்றுகொண்டுதான் போடுகிறார், சொந்த ஃபோனில், சொந்த டேட்டாவில். வீட்டுப்பாடத்தைப் பிள்ளைகளை டைரியில் எழுத வைத்துவிட்டால் அவருக்கும் நாலு மணியோடு வேலை முடியும். இரவில் பதில் போடுவது என் தொழில், அதற்குக் காசு வருகிறது. அவருக்கு என்ன வருகிறது?

இதெல்லாம் நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால் பக்கத்தில் கேரளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பெற்றோரின் புகார் குழந்தைகள் உரிமை ஆணையத்துக்குப் போய், 2024 நவம்பரில் அங்கே மேல்நிலைக் கல்விப் பிரிவு, பாடக் குறிப்புகளை வாட்ஸ்அப் போன்றவற்றில் அனுப்பக் கூடாது என்று உத்தரவே போட்டது. பிரிண்ட் எடுக்கும் செலவையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே அங்கே அப்படி. என் மகள் நாலாவதுதான் படிக்கிறாள்.

மழை விடுமுறையை குரூப்பில் சொல்லட்டும். பஸ் தாமதம் என்றால் சொல்லட்டும். அதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது, ஃபோனே வேண்டாம் என்று சொல்லும் ஆளும் நான் இல்லை. வீட்டுப்பாடம் மட்டும் டைரியில், மணி அடிப்பதற்குள், பிள்ளையின் கையால் எழுதப்பட்டு வர வேண்டும். குரூப்பில் மட்டும் வந்த வேலையைச் செய்யவில்லை என்று எந்தப் பிள்ளையையும் நிற்க வைக்கக் கூடாது. பிரிண்ட் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பள்ளியே எடுத்துக் கொடுக்கட்டும். அங்கே இருக்கும் பிரிண்டரில் ஃபீஸ் ரசீது நன்றாகத்தான் வருகிறது.

கொஞ்சம் சூடாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பருவம் தொடங்குவதற்குள் இந்தச் சுற்றறிக்கையை அனுப்புமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அனுப்பும்போது அதை முதல்வர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு விட்டுவிடாமல், தாளில் அச்சிட்டு, பள்ளி வாசலில் பெற்றோர் கண்ணில் படும்படி ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவியின் தாய்,
மதுரை.