றேடியேற்றரும் எங்கட கிணறும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

இப்ப கனபேர் வீட்டு முத்தத்திலயே, எஞ்சின் சூட்டை ஆத்திற கார் றேடியேற்றரைக் கழுவினம், ஒழுங்காச் செய்தா நல்ல வேலைதான், கராஜ் காசும் மிச்சம். ஆனா யாழ்ப்பாணத்தில செய்யேக்க ரெண்டு விசயம் தனியாக் கவனிக்கவேணும், ரெண்டுக்கும் காரணம் எங்கட காலுக்குக் கீழ கிடக்கிற சுண்ணாம்புக்கல்லு.

அதுக்கு முதல், எஞ்சின் சூடா இருக்கேக்க மூடியில கை வைக்கவே கூடாது. மூடி அழுத்தத்தைப் பிடிச்சு வச்சிருக்கிறதால உள்ள தண்ணி 100 பாகை தாண்டியும் கொதிக்காம நிக்கும், திறந்த உடன அழுத்தம் இறங்க, அவ்வளவும் ஒரேயடியாக் கொதிச்சு முகத்தில அடிக்கும், சீலையைப் போட்டுத் திறந்தாக் காணும் எண்டு நினைக்காதேங்கோ. ராத்திரி ஆறவிட்டு விடியச் செய்யுங்கோ. பிறகு கீழ பேசினை வச்சு, அடித் திருகையோ கீழ் ஹோஸையோ கழட்டி, உள்ள இருக்கிற பழைய கூலண்டை (எஞ்சினைக் குளிராக்கிற திரவம்) வடியவிட்டு, திரும்பப் பூட்டி, தண்ணி நிரப்பி, ஹீற்றரைச் சூட்டுப் பக்கம் திருப்பி, மேல் ஹோஸ் சூடாகுமட்டும் எஞ்சினை ஓடவிடவேணும், அது சூடானாத்தான் தேர்மோஸ்டாற் எண்ட சூட்டு வால்வு திறந்து தண்ணி முழுக்கச் சுத்துது எண்டு அர்த்தம். பிறகும் நல்லா ஆறவிட்டுத்தான் வடிக்கிறது. அவசரப்பட்டு சூட்டு எஞ்சினுக்குப் பச்சைத் தண்ணி விட்டா எஞ்சினின்ர மேல்பகுதியான ஹெட் வெடிச்சுப்போகக்கூடும். பிறியஸ், அக்குவா மாதிரி ஹைபிரிட் வச்சிருக்கிறவை வீட்டில தொடாம விடுறது நல்லது, அதில பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏத்தமாதிரி மாத்திற இன்வேட்டருக்கெண்டு வேற கூலண்ட் லைனும் இருக்கு.

இனி தண்ணி. எங்கட கிணத்துத் தண்ணியில கல்சியம் கூட, கரையோரமெண்டா உவரும் சேரும். கேத்தில் அடியில வெள்ளையாப் படியிற அதே சாமான்தான் றேடியேற்றரின்ர மெல்லிய குழாயளுக்குள்ளயும் படியும், சூடு வெளியேறாது, உப்பு அலுமினியத்தையும் அரிக்கும். அதால கடைசிக் கழுவல் டிஸ்டில்ட் வோட்டராலதான் இருக்கவேணும். பற்றரிக் கடையளில போத்தில்ல கிடைக்கும், மாறி அசிட் போத்திலை வாங்கிப்போடாதேங்கோ. எவ்வளவு வடிச்சாலும் எஞ்சின் புளொக்குக்குள்ள கொஞ்சத் தண்ணி நிக்கும், ஆனபடியா கார்ப் புத்தகத்தில சொன்ன மொத்த அளவில பாதிக்குக் கலக்காத கூலண்டை முதல் விட்டிட்டு மிச்சத்துக்கு டிஸ்டில்ட் வோட்டர் விட்டாத்தான் கணக்குச் சரிவரும். நிறத்தைப் பாத்துக் கூலண்ட் வாங்காதேங்கோ, ஒரே நிறத்தில வேற வேற வகை வருகுது.

எனக்குக் கூடக் கவலை வடிச்ச பழசைப் பற்றித்தான். வாழைக்கு அடியிலயோ வாய்க்காலிலயோ ஊத்திப்போட்டுப் போகினம். அதில இருக்கிற எதிலீன் கிளைக்கோல் இனிக்கும், நாய் நக்கும், சின்னப்பிள்ளையும் வாயில வைக்கும், சிறுநீரகத்தை அழிச்சு உயிரையே எடுக்கிற நஞ்சு அது. எங்கட சுண்ணாம்புக்கல்லு முழுக்க வெடிப்பும் குகையும், நிலாவரைக் கிணத்தைப் பாத்தவைக்குத் தெரியும். மேல ஊத்தினது மண்ணில வடிபடாமலே கிணத்துக்குப் போயிடும். வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டு எங்களுக்கு இல்லை, நிலத்தடித் தண்ணியைத்தான் குடிக்கிறம். சுன்னாகத்துக் கிணறுகளில ஓயில் கலந்து சனம் பட்ட பாட்டைப் பாத்த பிறகும் இப்பிடிச் செய்யலாமோ?

மாநகர சபையும் பிரதேச சபையளும் சேர்விஸ் ஸ்டேசன்காரரோட கதைச்சு, பழைய கூலண்டைச் சேர்த்து எடுக்க இடம் ஒழுங்கு செய்யவேணும். அதுவரைக்கும் வடிச்சதை இறுக்கமான கானில விட்டு, பழைய ஓயிலோட கலக்காம, மேல ‘நஞ்சு’ எண்டு பெரிசா எழுதிப் பிள்ளையள் எட்டாத இடத்தில வையுங்கோ, குடிக்கிற சோடாப் போத்தில்ல மட்டும் விடாதேங்கோ.

இப்படிக்கு,
கோண்டாவில் வாசகர்