கறிவேப்பிலை வேலிக்கு வெளியே போன கதை

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ மூன்று தடவை போன் அடித்தும் நான் எடுக்கவில்லை. அப்பாவிடம் "அம்மாவுக்கு அப்படி என்ன வேலை?" என்று கேட்டாயாம். அவர் "மண்ணு அள்ளுறா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். முழுக்கதையையும் போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

நீ தேசிய சேவையில் இருந்தபோது நம் சிங்கப்பூர் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் ஒரு கறிவேப்பிலைக் கன்று நட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? இடுப்பளவு வளர்ந்திருந்தது. நீ மெல்பர்ன் போன பிறகு ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால், புல்லோடு புல்லாக அதையும் வெட்டிச் சாய்த்திருந்தார்கள். புல் வெட்டுகிறவரைக் குறை சொல்ல முடியாது. பொது இடத்தில் யாரையும் கேட்காமல் நட்டது என் தப்பு. ஆனாலும் அன்றைக்குக் குழம்பு தாளிக்க மனசே வரவில்லை.

லிஃப்டில் இதைப் புலம்பியபோது ஏழாம் மாடி மக்சிக், அந்த மலாய்க்கார அம்மா, காது கொடுத்துக் கேட்டார். வீட்டு வாசலில் தொட்டியில் லீமாவ் பூருட் எலுமிச்சை வளர்ப்பாரே, அவர்தான். "நாமே முறையாகக் கேட்டால் என்ன?" என்றார். தேசியப் பூங்காக் கழகம் 2005-லிருந்தே சமூகத் தோட்டங்களுக்கென்று ஒரு திட்டம் நடத்துகிறது. தீவு முழுக்க இப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் இருக்கின்றன. இத்தனை வருஷம் இங்கே இருந்தும் எனக்கு அது தெரியாது பார்! தனி ஆளாகக் கேட்டால் நடக்காது, குழுவாகப் போக வேண்டும். நாங்கள் இருவரும் கதவு கதவாகத் தட்டி, எங்களையும் சேர்த்து எட்டுப் பேர் ஆனோம். அப்புறம் வசிப்போர் குழு, நகர மன்றம், படிவம், கூட்டம் என்று நாள் ஓடியது. அதையெல்லாம் எழுதினால் நீ தூங்கிவிடுவாய்.

இடம் பார்த்த கதை மட்டும் சொல்கிறேன். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருக்கிறது என்று முதலில் ஒரு மூலையைப் பார்த்தோம். இரண்டு பக்கமும் பன்னிரண்டு மாடி. காய்கறிக்கு நாளைக்கு ஐந்து ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அப்பா ஒரு வாரம் ஜன்னலில் நின்று, மணிக்கு ஒரு தடவை நிழல் எங்கே விழுகிறது என்று நோட்டில் படம் போட்டார். அந்த மூலைக்கு இரண்டு மணி நேரம்கூடத் தேறவில்லை. அதனால் கூடைப்பந்துத் திடலுக்குப் பக்கத்தில் கேட்டு வாங்கினோம்.

அது ஜூன் மாதம். டிசம்பர் வந்ததும் வெண்டைப் பாத்தி முழுக்க நிழலில் கிடக்கிறது! ஜூனில் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கிறது, டிசம்பரில் தெற்கே போய்விடுகிறது. புளோக்கின் நிழலும் அதற்கேற்ற மாதிரி இடம் மாறுகிறது. இது அப்பாவின் நோட்டுக்குத் தெரியாது. ஊரில் உன் தாத்தா வாய்க்கு வாய் "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பார். இங்கே ஆடி ஏது, தை ஏது, வருஷம் பூராவும் ஒரே புழுக்கம், எப்போது விதைத்தாலும் முளைக்கும் என்று நினைத்திருந்தேன். கடைசியில் இங்கேயும் பட்டம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மழையைப் பார்ப்பதற்குப் பதில் புளோக்கின் நிழலைப் பார்க்க வேண்டும். இப்போது டிசம்பர் வாக்கில் அந்தப் பக்கம் கீரையும் வாசனைக்குப் போடும் பாண்டான் இலையும்தான். வெண்டை, கத்தரி எல்லாம் எதிர்ப் பாத்திக்குப் போய்விடும்.

மண்ணைப் பற்றிக் கேட்காதே. மேலே நாலு விரல் புல்மண், அதற்குக் கீழே சிவப்புக் களி, நடுவில் செங்கல் துண்டும் கம்பியும். நாலாம் மாடிச் சீன அங்கிள்தான் தோண்டுவதை நிறுத்தச் சொன்னார். சிறு வயதில் அவர் குடும்பம் கம்பத்தில், அதாவது அந்தக் காலத்துக் கிராமத்தில், காய்கறி போட்டுப் பிழைத்ததாம். கட்டை அடித்து, ஓர் அடி உயரத்துக்குப் பாத்தி எழுப்பி, வெளிமண் கொட்டினோம். கூட்டிப்போடுகிறவர் காய்ந்த இலை தருகிறார். காப்பிக்கடையிலிருந்து காப்பித்தூள் சக்கை வருகிறது. நம் வீட்டுக் காய்கறித் தோலும் போகிறது. அங்கிள் யாரிடமும் சொல்லாமல் ஒரு வாளியில் இறால் தோலை ஊறப்போட்டார். மூன்றாம் நாள் இரண்டாம் மாடிக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். இப்போது அதை மண்ணுக்குள் ஆழமாகப் புதைக்கிறார். தண்ணீர் நிற்கும் வாளிக்கு நான் எமன். டெங்கிக் கொசுவுக்கு ஒரு மூடித் தண்ணீர் போதும், ஒரு வாரத்தில் பறந்து வந்துவிடும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அங்கிளிடம் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். நம் வீட்டில் சர்க்கரைவள்ளி என்றால் கிழங்குதானே? அவர் கிழங்கைச் சீண்டுவதில்லை. கொழுந்தைக் கிள்ளிப் பூண்டு போட்டு வதக்குகிறார். நானும் ஒருநாள் பயந்துகொண்டே தேங்காய்ப்பூ போட்டுப் பொரியல் பண்ணினேன். அப்பா முருங்கைக்கீரை என்று நினைத்து இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இனி கறிவேப்பிலை. முறைப்படி அனுமதி வாங்கிய நிலத்தில் முதல் கன்றாக அதைத்தான் நட்டேன். இரண்டு மாதம் கழித்துத் தளிரில் காக்கை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. துடைக்கப் போனால் நெளிந்தது. புழு! நாலைந்து நாளில் பச்சைப்பசேலென்று சுண்டுவிரல் தடிமனுக்கு வளர்ந்துவிட்டது. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கொம்பை நீட்டிப் பயமுறுத்துகிறது. பார்த்தால் மக்சிக்கின் லீமாவ் பூருட்டிலும் அதே புழு. இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகளாம், எலுமிச்சைக் குடும்பம். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி இரண்டிலும் முட்டையிடும். நான் நசுக்கக் கல்லை எடுத்தேன். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் ஐந்தாறு பேர் அலறிவிட்டார்கள். கடைசியில் மக்சிக்கின் செடியில் ஒரு கிளையைப் புழுவுக்கென்று ஒதுக்கினோம். எங்கே பார்த்தாலும் பிடித்து அங்கே விடுவது பிள்ளைகள் வேலை.

புழுவாவது பரவாயில்லை. ஒரு சனிக்கிழமை காலை போனால், முந்தின நாள் எண்ணி வைத்த பதினான்கு கத்தரிக்காயில் மூன்றுதான் மிச்சம். அன்றைக்கே கூட்டம் போட்டுப் பூட்டு வேண்டும் என்று முதலில் கை தூக்கியவள் நான்தான். மக்சிக் வேண்டாம் என்றார். எட்டில் ஆறு பேர் என் பக்கம். வேலிக்கதவில் பூட்டுத் தொங்கியது, சாவி மூன்று பேரிடம்.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம், எதிர் புளோக்கிலிருந்து ஒரு வயதான சீன அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் மீன் பை. இரண்டு தண்டு எலுமிச்சைப்புல் வேண்டுமாம். என் சாவி வீட்டில் இருந்தது. "இருங்கள், எடுத்து வருகிறேன்" என்று ஒன்பதாம் மாடி ஏறி இறங்குவதற்குள் அவர் போய்விட்டார். யாரோ வந்து பறித்துக்கொண்டு போனபோதுகூட எனக்கு அவ்வளவு சங்கடமாக இல்லை. இரண்டு நாள் அது மனசை அரித்தது. "அந்தக் கத்தரிக்காய் கிலோ என்ன விலை?" என்று அப்பா வேறு கேட்டார்.

பூட்டை எடுக்க மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அவர்கள் உழைப்பும் அதில் இருக்கிறது. அதனால் வேலிக்கு வெளியே நடைபாதை ஓரமாகச் சின்னதாக ஒரு பாத்தி கேட்டோம், கிடைத்தது. எலுமிச்சைப்புல், பாண்டான், மிளகாய் எல்லாம் அதில்தான், யாரும் பறிக்கலாம். "உங்கள் கறிவேப்பிலை?" என்று மக்சிக் கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டு, வேர் அறாமல் தோண்டி அதையும் வெளியே கொண்டுவந்து வைத்தேன். பத்து நாள் இலையெல்லாம் தொங்கிப்போய், பிழைக்காது என்றே நினைத்தேன். பிறகு அடியிலிருந்து துளிர்த்தது.

எல்லாரும் ஒழுங்காகப் பறிக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். கிளையோடு முறிக்கிற பாவிகளும் உண்டு. நுனியை மட்டும் கத்தரித்தால் பக்கத்தில் இரண்டு கிளை வெடிக்கும் என்று அப்பா நாலு மொழியில் எழுதி மாட்டியிருக்கிறார். சீனமும் மலாயும் அங்கிளும் மக்சிக்கும் எழுதிக் கொடுத்தது. தமிழில் ஒரு ஒற்றுப்பிழை இருக்கிறது, நான் சொல்லவில்லை. எனக்கும் இப்போது தேக்கா சந்தையில் கறிவேப்பிலை வாங்குகிற வேலை இல்லை, சில வாரம் யாராவது மொட்டையடித்துவிட்டால் தவிர.

முட்டிவலி பற்றி அப்பா உன்னிடம் கோள் சொல்லியிருப்பார். குனிந்து செய்கிற வேலையை அங்கிளும் பிள்ளைகளும் பார்த்துக்கொள்கிறார்கள். நான் முக்காலியில் உட்கார்ந்துதான் களை பிடுங்குகிறேன்.

காலை ஏழிலிருந்து எட்டரை வரை போன் அடிக்காதே. உங்கள் ஊரில் அது ஒன்பதிலிருந்து பத்தரை மணி, வெயில் காலத்தில் இன்னும் ஒரு மணி கூட. டிசம்பரில் வரும்போது அங்கேயிருந்து விதை, செடி என்று எதையும் பையில் போட்டுக்கொண்டு வராதே, விமான நிலையத்தில் வம்பு. வேண்டுமானால் நல்ல கத்தரிக்கோல் ஒன்று வாங்கி வா, பெட்டியில் வைத்து. இங்கே இருப்பது மழுங்கிவிட்டது.

அன்புடன்,
அம்மா