நரக எறும்புகளை விட்டுவிட்ட மகளுக்கு

வியாசர்பாடி

அன்புள்ள மகள் செல்விக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நம் தெருவில் தோண்டிய பள்ளத்தை இன்னும் மூடவில்லை. வேறு செய்தி இல்லை.

உன் மாமா மகன் வந்திருந்தான். பேச்சுவாக்கில், நீ பர்மா அம்பரில், கல்போல் இறுகிய அந்தப் பழங்கால மரப் பிசினில் அகப்பட்ட பூச்சிகளில், வேலை செய்வதை நிறுத்திவிட்டாய் என்றும், நரக எறும்பின் தாடையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த கட்டுரையை ஒதுக்கி வைத்துவிட்டாய் என்றும் சொன்னான். அவனுக்குத் தெரிந்தது எங்களுக்கு ஏன் தெரியவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. உனக்கு ஆயிரம் வேலை இருக்கும். சில மாதங்களாக நீ தொலைபேசியில் குளிரைப் பற்றியும் அம்மாவின் மாத்திரையைப் பற்றியும் மட்டுமே பேசிவிட்டு வைத்துவிடுவது ஏன் என்று அம்மாதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கட்டுரையின் முதல் வரைவை நீ அனுப்பியது நினைவிருக்கிறதா? தங்கசாலை அச்சகத்தில் ஆயுளில் பாதியை மெய்ப்புப் பார்த்தே கழித்தவன் நான். புரியாத எழுத்தையும் பிழையில்லாமல் படிக்கத் தெரியும். அகராதியை வைத்துக்கொண்டு படித்ததில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: இன்றைய எறும்பின் தாடைகள் பக்கவாட்டில் திறந்து மூடுகின்றன, 9.9 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நரக எறும்பின் தாடையோ கீழிருந்து மேலே எழும்பி, நெற்றியில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்போடு சேர்த்து இரையை அழுத்திப் பிடித்திருக்கிறது. கரப்பான் பூச்சிக்கு உறவான ஓர் இளம் பூச்சியைக் கவ்விய நிலையிலேயே ஓர் எறும்பு அம்பரில் அகப்பட்டிருப்பது 2020 இல் வெளியானபோது, நள்ளிரவில் எங்களை எழுப்பிச் சொன்னாய். அந்தத் தாடையை இழுத்த தசை தலைக்குள் எங்கே பற்றியிருந்தது என்பதே உன் கேள்வி. அம்பருக்குள் இருப்பது வெறும் கூடுதானே, தசைக்கு எங்கே போவாய் என்று நான் கேட்டதற்கு, பிற பூச்சிகளின் உடலுக்குள் ஒட்டுண்ணியாக வளரும் மெங்கியா என்ற பூச்சியை எடுத்துக்காட்டினாய். பால்டிக் அம்பரில் 4.2 கோடி ஆண்டுகளாகக் கிடந்த அதன் ஆண் ஒன்றை, அம்பரை உடைக்காமலே எக்ஸ்ரேயால் எல்லாக் கோணங்களிலும் படமெடுத்து, அதன் பறக்கும் தசைகளையும் மூளையையும்கூட 2010 இல் வரைந்துகாட்டிவிட்டார்கள் என்றாய். அன்று உன் குரலில் இருந்த உற்சாகத்தை நான் இப்போது கேட்டு வெகு காலமாகிறது.

நீ ஏன் விட்டாய் என்பதை நானாக ஊகித்துக்கொண்டேன். அந்த அம்பர் கச்சின் மாநிலத்து ஹூகாங் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. 2017 ஜூனில் ராணுவம் அந்தச் சுரங்கங்களைக் கைப்பற்ற இறங்கியது. அதற்குப் பிறகு வாங்கிய புதைபடிவங்களைக் கொண்டு எழுதும் கட்டுரைகளை வெளியிட வேண்டாம் என்று 2020 இல் தொல்லுயிரியலாளர் சங்கம் ஒன்று ஆய்விதழ்களைக் கேட்டுக்கொண்டது. 1964 இல் ஆயா பர்மாவிலிருந்து வந்து துறைமுகத்தில் இறங்கியபோது அவர் கையில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பது உனக்குத் தெரியும். அந்த நாட்டு ராணுவம் நம் குடும்பத்திடம் எடுத்துக்கொண்டது போதும், நம் கையால் அதற்கு ஒரு காசும் போக வேண்டாம் என்று நீ நினைத்திருந்தால் எனக்குப் பெருமைதான். ஆயா இருந்திருந்தால் உனக்குத் தன் கையாலேயே பர்மா நூடுல்ஸ் அத்தோ பிசைந்து கொடுத்திருப்பார்.

ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அந்தக் கோரிக்கை 2017க்குப் பிறகு வாங்கியவற்றைப் பற்றியதுதானே? அதற்கு முன்பே அருங்காட்சியகங்களில் சேர்ந்துவிட்டவற்றை வைத்து எழுதுவதில் என்ன பிழை? அவற்றையும் சேர்த்து ஒதுக்கியது உன் பிடிவாதம், அது உன் அம்மாவிடமிருந்து வந்தது. பர்மாவை முற்றிலும் விட்டாலும் நரக எறும்பு இல்லாமல் போய்விடவில்லை. பிரான்சின் அம்பரிலும் கனடாவின் அம்பரிலும் கிடைத்திருக்கிறது. 2025 இல் பிரேசிலில் 11.3 கோடி ஆண்டு பழைய நரக எறும்பு ஒன்று சுண்ணாம்புக் கல்லிலேயே வெளிப்பட்டதாகப் படித்தேன். அவசரப்பட்டு எதையாவது எழுதிவிடாதே என்றும் சொல்லிவைக்கிறேன். பர்மா அம்பரில் கிடைத்த ஒரு தலையோட்டைப் பறவை என்று 2020 மார்ச்சில் முகப்பிலேயே போட்டுவிட்டு, ஜூலையில் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்ற இதழ் உலகத்திலேயே பெரிய இதழ்களில் ஒன்று. அது பல்லி வகையாம். எங்கள் அச்சகத்தில் பஞ்சாங்கத்துக்குக்கூட இரண்டு மெய்ப்புப் பார்ப்போம்.

இப்போது நீ குஜராத் அம்பரை எடுத்திருப்பதாகவும் உன் மாமா மகனே சொன்னான். சூரத் மாவட்டத்து வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைப்பது. 5 கோடி ஆண்டுக்கும் மேற்பட்டது. பிசினைச் சுரந்தது குங்கிலிய மரக் குடும்பம் என்று படித்ததும் எனக்குக் காசிமேடுதான் நினைவுக்கு வந்தது. மரப் படகு கட்டிய காலத்தில் பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தையும் எண்ணெயையும் காய்ச்சிப் பூசுவார்களே, அந்த வாசனைக்காகவே நீ என் கையை இழுத்துக்கொண்டு அங்கே நிற்பாய். இந்தியா தனித் தீவாக மிதந்து வந்த நிலம் என்பதால் அதன் பூச்சிகளும் தனியாகத்தான் இருந்திருக்கும் என்று எண்ணியிருந்தார்களாம். 2010 இல் 700க்கும் மேற்பட்ட பூச்சி, சிலந்தி முதலியவற்றைப் பார்த்தபோது, பலவற்றுக்கு ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் அமெரிக்காவிலும்கூட உறவு இருந்ததாம். நரக எறும்பு இதில் கிடைக்காது. அவை அதற்கு வெகு முன்பே அழிந்துவிட்டன என்பதை நீ எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். ஆனாலும் வேறெந்த அம்பரிலும் எளிதில் ஆகாத ஒன்று இதில் ஆகும்: அம்பர் முற்றாக இறுகாததால் அதைக் கரைத்துவிட்டுப் பூச்சியை முழுதாக வெளியே எடுத்து, அதன் வாயுறுப்பையும் காலையும் நேரடியாக மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கலாம்.

என் கவலை அங்கேதான் தொடங்குகிறது. கரைப்பது குளோரோஃபார்மும் டொலுவீனும். கொடுங்கையூர்க் குப்பை மேடு எரிந்த நாட்களில் உனக்கு வீசிங் வந்து எத்தனை இரவு உட்கார்ந்தே தூங்கியிருக்கிறாய்! ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் பெட்டி உன் ஆய்வகத்தில் இருக்கிறதா? அது வேலை செய்கிறதா என்று நீயே பார்த்தாயா, பிறர் சொன்னதை நம்பினாயா? கைக்கு உறை போடு. அந்த அறையில் சாப்பிடாதே.

எதிர்வீட்டு அக்கா, உன் எறும்புக்கு உயிர் கொடுத்துவிடுவார்களா என்று இன்றும் கேட்கிறார். டி.என்.ஏ. அவ்வளவு காலம் நிற்காது, அம்பரிலிருந்து எடுத்ததாக 1990களில் சொன்னதெல்லாம் பிறகு உறுதிப்படவில்லை என்று எடுத்துச் சொன்னேன். அவருக்கு ஏமாற்றம்தான். என் மகளின் வேலையை நான் விளக்கியதில் எனக்கு ஏமாற்றம் ஒன்றும் இல்லை.

திட்டம் மாறினால் அதற்கு வரும் பணமும் மாறுமா, புது அம்பருக்குப் பழைய ஒப்பந்தமே செல்லுமா என்பவை எனக்குத் தெரியாத விஷயங்கள். நான் கேட்கவும் இல்லை. மாடி அறைக்கு ரயில்வேயில் வேலை பார்க்கும் பையன்கள் இருவர் முன்பணத்தோடு வந்தார்கள். அம்மா இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஓய்வூதியம் இல்லாத வீடு என்றாலும் எங்கள் இருவருக்கும் என்ன செலவு இருக்கிறது, மீதி எல்லாம் அப்படியே வங்கியில்தான் கிடக்கிறது. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

ஆவிப் பெட்டியைப் பற்றி மறக்காமல் எழுது. வஸ்தானுக்கு நேரில் போக வேண்டியிருக்கும் என்றும் மாமா மகன் சொன்னான். அப்படியானால் சென்னைக்கு வந்துவிட்டுப் போ. சென்ட்ரலிலிருந்து நவஜீவன் விரைவு வண்டி நேரே சூரத்துக்குப் போகிறது. முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும் என்பதால், தேதியை முன்கூட்டியே தெரிவித்தால் நான் மூர்மார்க்கெட் கவுன்டரில் நின்று கீழ்ப்படுக்கையாக எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா