மறுபாதியை நீ சொல்லு

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனசிலேயே கிடக்கிறது. "அம்மா, ஜெபமாலையைக் கையில எடுத்தா அஞ்சு பத்துல ரெண்டாவது பத்துக்குள்ள தூங்கிடுறேன். தூங்காத நாள்ல, ஆளில்லாத வீட்டுக்குள்ள நின்னு பேசுற மாதிரி இருக்கு" என்றாய். பாட்டி பக்கத்தில் இருந்ததால் "சாப்பிட்டியா மக்ளே" என்று பேச்சை மாற்றிவிட்டேன். போனில் சொன்னால் தொண்டை அடைக்கும் என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் தூக்கம். இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டு வருகிற பிள்ளைக்குத் தூக்கம் வராமல் வேறென்ன வரும்? அக்டோபர் 1, சிறுமலர் தெரேசம்மாள் திருநாளுக்கு நம் தெருக் குடும்பங்கள் கூடும் அன்பியத்தில் ஒரு சிஸ்டர் வந்து பேசினார். மடத்தில் ஏழு வருஷமாகத் தியான நேரத்திலும், பூசையில் நற்கருணை என்ற நன்மை எடுத்தபின் நன்றி சொல்கிற நேரத்திலும் தெரேசம்மாள் தூங்கிப்போவாராம். அதற்காக அவர் இடிந்துபோய் உட்காரவில்லை. பிள்ளை விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றவர்களுக்குப் பிரியம் ஒன்றுதானே என்று எழுதிவைத்திருக்கிறார். தனியாக ஜெபமாலை சொல்வது தனக்கு ஒறுத்தல் கருவியை உடம்பில் மாட்டிக்கொள்வதைவிடக் கஷ்டம் என்றும், எவ்வளவு முயன்றாலும் தேவ இரகசியங்களில் மனசு நிற்பதில்லை என்றும் எழுதியிருக்கிறாராம். 1897இல், 24 வயதில் இறந்த பெண். திருச்சபை அவரை மறைவல்லுநர், அதாவது விசுவாசத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், என்று உயர்த்தியிருக்கிறது. அவருக்கு முந்திய இன்னொரு புனிதையான அவிலா தெரேசம்மாளும் ஜெப நேரம் எப்போது முடியும், கடிகாரம் எப்போது அடிக்கும் என்று வருஷக்கணக்கில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தவர்தான். கூட்டம் முடிந்து வீடு வந்து சேரும்வரை எனக்கு உன் நினைப்புதான்.

ஆளில்லாத வீடு என்றாயே, அதைப் பற்றிச் சொல்ல எனக்குப் புனிதர்கள் துணை வேண்டாம். அந்த வீட்டில் நானும் இருந்திருக்கிறேன்.

2017 நவம்பர் 30. புனித அந்திரேயா திருநாள். அவரும் மீன்பிடிக்காரர்தான். அன்றைக்கு ஒக்கி புயல் அடித்தபோது என் தம்பி, உன் மாமா, போன படகு ஆழ்கடலில் இருந்தது. நீ நர்சிங் ஹாஸ்டலில் இருந்தாய், அந்த முதல் நாட்களை நீ பார்க்கவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அழுகை. டிசம்பர் 3, கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. பூசையில் மாற்கு நற்செய்தி வாசித்தார்கள். வீட்டுத் தலைவர் மாலையிலோ, நள்ளிரவிலோ, சேவல் கூவும் வேளையிலோ, காலையிலோ எப்போது வருவார் என உங்களுக்குத் தெரியாது என்ற வரி வந்ததும் கோயிலில் பெண்கள் பக்கம் முழுக்க விம்மல். அந்த வாரம் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தோம்.

மாமா வரவில்லை. உடம்பும் வரவில்லை.

"விசுவாசத்தோடு கேட்டா கிடைக்கும்" என்று ஆறுதல் சொல்ல வந்தவர்கள் உண்டு. அப்படியானால் எங்கள் கடற்கரையில் கிடைக்காமல் போனவர்களுக்கெல்லாம் விசுவாசம் குறைவா? அந்தச் சொல்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். என் வாய் மூடிக்கொண்டது. மூன்று நாலு மாசம் குடும்ப ஜெபத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு மணிக்கும் பாட்டி மாதா ஜெபத்தின் முதல் பாதி சொல்வாள், அப்பா மறுபாதி சொல்வார், நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அப்பா வேலையாகக் கொச்சிக்குப் போயிருந்தார். நானும் பாட்டியும்தான். பாட்டி அவளுடைய பழைய பாஷையில், "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று தொடங்கி முதல் பாதியை முடித்தாள். முடித்துவிட்டு நிறுத்தினாள். மறுபாதியை அவளே சொல்லவில்லை. சொல்லு என்று என்னைக் கேட்கவும் இல்லை. மணியை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்தபடி, படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். வெளியே அலைச் சத்தம். மெழுகுதிரி ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். அவள் அசையவில்லை. கடைசியில் எனக்கே தாங்காமல் "மாதாவே, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக" என்று வாயைத் திறந்தேன். "எங்கள் மரண நேரத்திலும்" என்ற இடத்தில் நின்றுபோனேன். அங்கேயும் அவள் காத்திருந்தாள். பிறகு "வேண்டிக்கொள்ளும், ஆமென்" என்றேன். பாட்டி அடுத்த மணிக்கு நகர்ந்தாள். அவ்வளவுதான். அன்றைக்கு ஐம்பத்து மூன்று மணியும் முடிய ராத்திரி பத்தாகிவிட்டது.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இன்றைக்கும் பாதி நாள் எனக்கு வறட்சிதான். மனசு மீன் விலைக்கும் குழுக் கடனுக்கும் ஓடும். ஓடினது தெரிந்ததும், கை எந்த மணியில் இருக்கிறதோ அங்கே திரும்பி வருவேன். முன்பெல்லாம் என்னையே திட்டிக்கொள்வேன், இப்போது இல்லை. பாட்டி எனக்காகக் காத்திருந்த அளவுக்கு நான் எனக்காகக் காத்திருக்கக் கூடாதா? பொறுமை என்றால் தம்பி வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது என்றுதான் நினைத்திருந்தேன். வாயடைத்துப்போனவள் பக்கத்தில் மணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் பொறுமைதான் என்று அவளிடம்தான் பார்த்தேன். ஆண்டவரும் நம் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறார் என்று நம்புகிறேன் மக்ளே. உனக்கு ஆளில்லாத வீடு மாதிரி தெரிகிற நேரத்திலும்.

ஜெபம் முடிந்தபிறகு பாட்டி இப்போதும் தினமும், "கடல்ல இருக்கிற பிள்ளைக்கு" என்று ஒன்று கூடுதலாகச் சொல்வாள். உயிரோடிருக்கிறவன் என்றும் சொல்லமாட்டாள், ஆத்துமா என்றும் சொல்லமாட்டாள். நாங்களும் கேட்பதில்லை.

உன்னிடம் இருக்கிற ஜெபமாலை மாமா கோத்துக் கொடுத்தது, ஞாபகம் இருக்கிறதா? அறுந்துபோனதைத் தங்கூசி நரம்பில் கோத்தான். மூன்றாவது பத்தில் ஒரு மணி தொலைந்துபோனதால் அந்த இடத்தில் ஒரு முடிச்சு போட்டுவைத்தான். நீ இரண்டாவது பத்திலேயே தூங்கிவிடுகிறாய், அந்த முடிச்சு உன் விரலில் பட்டு ரொம்ப நாளாகியிருக்கும். கொஞ்ச நாளைக்கு மூன்றாவது பத்து மட்டும் சொல்லு. அது போதும்.

இன்னொரு காரியம். இங்கே காலை ஆறு மணிக்குக் கோயிலில் திரிகால ஜெபத்துக்கான மணி அடிக்கும்போது உனக்கு ராத்திரி ஒன்றரை. இந்த மாசக் கடைசியில் உங்கள் அயர்லாந்தில் கடிகாரத்தைத் திருப்பிவைத்தபிறகு பன்னிரண்டரை. வார்டு அமைதியாக இருக்கிற நேரம் அது என்று நீதான் சொல்லியிருக்கிறாய். மணி அடித்ததும் நானும் பாட்டியும் அடுப்படியிலேயே நின்று ஒரு பத்து சொல்வோம். முதல் பாதி நாங்கள், மறுபாதி நீ. நோயாளி யாராவது கூப்பிட்டால் போட்டுவிட்டு ஓடு, மாதா ஒன்றும் நினைக்கமாட்டாள். பாட்டியிடம் சொல்லிவிட்டேன். அவள் மெதுவாகத்தான் சொல்வாள்.

நெற்றியில் சிலுவை போட்டு,
அம்மா