எந்த வருடத்துச் சத்தம்?

அன்புள்ள சரவணா,

கடிதம் கிடைத்தது. டெலிகாஸ்டர் கிட்டார் வாங்கிவிட்டாய் என்பதில் ரொம்ப சந்தோஷம். 'பிரிட்டிஷ் கிட்டார் சத்தம்' வர எந்த பெடல் (காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றும் பெட்டி) வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். எந்த வருடத்துச் சத்தம் வேண்டும் என்று முதலில் முடிவு செய். பிரிட்டனில் சத்தம் மாறியபோதெல்லாம் சட்டையும் தலைமுடியும் கூடவே மாறியிருக்கின்றன.

1960-இல் ஷேடோஸ் குழு. அதன் கிட்டார்காரர் ஹாங்க் மார்வின் கையில் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டார், அதற்கு எக்கோ மெஷின், பின்னால் வாக்ஸ் கம்பெனியின் ஆம்ப் (ஒலிபெருக்கி). 15 வாட் ஆம்ப் அரங்கத்துக்குப் போதவில்லை என்றுதான் 30 வாட் ஏசி 30 வந்தது: நான்கு ஈஎல் 84 வால்வு, இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர். கரகரப்பே இல்லாத சத்தம், ஒரே மாதிரி சூட், சேர்ந்து எடுத்து வைக்கும் அடி. 1962-இல் மேனேஜர் எப்ஸ்டீன் பீட்டில்ஸின் லெதர் உடையைக் கழற்றி சூட் மாட்டிவிட்டதும் இதே வழிதான். பீட்டில்ஸின் ஹாரிசன் வாசித்த 12 ஸ்ட்ரிங் ரிக்கன்பேக்கர் கிட்டாரில் ஒரு நுணுக்கம் உண்டு: ஸ்ட்ரிங்குகள் ஜோடி ஜோடியாக இருக்கும். கீழ் நோக்கி அடிக்கும்போது ஜோடியில் தடித்த ஸ்ட்ரிங் முதலில் ஒலிக்கும், மெல்லியது பிறகு. மற்ற பெரும்பாலான 12 ஸ்ட்ரிங் கிட்டார்களில் இது தலைகீழ்.

1964-இல் கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், சின்ன எல்பிகோ ஆம்பின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கிழித்து, அதை ஏசி 30-க்குள் கொடுத்தார். மேடையில் சிவப்பு வேட்டைக் கோட்டு, கீழே கிழிந்த ஸ்பீக்கர்! 1972-இல் பாடகர் டேவிட் போவியின் பக்கத்தில் நின்ற கிட்டார்காரர் மிக் ரான்சன், மிதிக்க மிதிக்கத் தொனி மாறும் வா பெடலைப் பாதி அழுத்தத்தில் அப்படியே நிறுத்தி வைத்தார். மூக்கால் பாடுவது போன்ற அந்தத் தொனி அங்கிருந்து வருகிறது. பளபளப்பு உடைக்குப் பொருத்தமான சத்தம்.

உனக்கு நான் சொல்ல விரும்புவது ஸ்மித்ஸ் குழுவின் கிட்டார்காரர் ஜானி மார். 1983-இல் சிந்தசைசர் எங்கும் ஒலித்தபோது, கையில் கிளாடியோலஸ் பூவோடு வந்த பாடகர், பக்கத்தில் மார் கையில் ரிக்கன்பேக்கர் 330 கிட்டார். நீட்டி இழுக்கும் ப்ளூஸ் சோலோவுக்கு அது லேசில் இடம் கொடுக்காது. அதனால் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டை) உடைத்து, ஒவ்வொரு ஸ்ட்ரிங்காக மீட்ட வேண்டும். ஆரம்பத்தில் முழு கிட்டாரையும் ஒரு முழுத் தொனி ஏற்றி ட்யூன் செய்தார்கள். நீ அப்படிச் செய்யாதே. ஸ்ட்ரிங்கின் இழுவை சுமார் 26 சதவீதம் கூடும், ஸ்ட்ரிங் அறும், நெக் வளையும். இரண்டாவது ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்குக் கட்டு) கேபோ என்ற கிளிப்பைப் போட்டால் அதே உயரம் கிடைக்கும். ஆம்ப் தெளிவாக இருக்கட்டும். கம்ப்ரெஷர் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது) கொஞ்சம், கோரஸ் (ஒரு கிட்டாரைப் பல கிட்டார் போல ஒலிக்க வைப்பது) அதைவிடக் குறைவு. கோரஸை ஏற்றினால் ஸ்ட்ரிங்குகள் ஒன்றோடொன்று கரைந்து, மீட்டலே காணாமல் போகும். ஒரே விரலால் எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்தும் பாரே கார்டைத் தவிர். திறந்த ஸ்ட்ரிங்குகள் ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

1984-இல் ஸ்மித்ஸ் பதிந்த 'ஹவ் சூன் இஸ் நவ்?' பாடலின் அந்த நடுங்கும் ட்ரெமலோ நான்கு ட்வின் ரிவெர்ப் ஆம்புகளிலிருந்து வந்தது. மார் இரண்டையும், தயாரிப்பாளர் ஜான் போர்ட்டர் இரண்டையும் கையால் சரிசெய்தார்கள். தாளம் விலகியதும் டேப்பை நிறுத்தி, திரும்பச் சேர்த்து, துண்டு துண்டாகப் பதிந்தார்கள். ஒரே ட்ரெமலோ பெடலில் அந்த அசைவு வராது. இரண்டை வெவ்வேறு பக்கம் அனுப்பி, வேகத்தை மயிரிழை மாற்றி வை.

ஒயாசிஸ் குழு இதற்கு நேர் எதிர். பார்கா கோட்டு, கையைப் பின்னால் கட்டி நிற்கும் பாடகர், சுவர் மாதிரி கிட்டார். 1994 ஆல்பத்தில் ஒலிக்கலவை செய்த ஓவன் மாரிஸ் அதிகப்படியான கிட்டார் அடுக்குகளை நீக்கித்தான் அதைக் காப்பாற்றினார். 1997 ஆல்பத்தில் அடுக்குகள் அளவு மீற, எல்லாம் ஒரே இரைச்சலாகிப் போனது. கெய்ன் (சத்தத்தைக் கரகரக்க வைக்கும் அளவு) ஒவ்வொரு அடுக்கிலும் கூடுவதும் ஒரு காரணம். நீ இரண்டு முறை மட்டும் பதிவு செய், ஒன்று இடம், ஒன்று வலம். கெய்னைப் பாதியில் நிறுத்து, மிட்டை (நடுத்தர ஒலியை) ஏற்று.

இன்னும் பெடல் வாங்காதே. முதலில் கேபோ மட்டும் போட்டு ஒரு பதிவு அனுப்பு. எந்த ஃப்ரெட்டில் போட்டாய் என்று சொல்லாதே, நான் கேட்டே கண்டுபிடிக்கிறேன்.

அன்புடன்,
குமார்