டவுன்ஹில் சைக்கிள் பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மலைச்சரிவில் இறங்குவதற்கென்றே செய்த டவுன்ஹில் சைக்கிள்களை வாடகைக்கு விடும் நம் கடையைப் பற்றிச் சில வாரங்களாக வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பலர் அதை எனக்கே அனுப்பி, "என்னண்ணா இது?" என்று கேட்டீர்கள். கீழே சமவெளியிலிருந்து வந்த ஒரு குழு எங்களிடம் சைக்கிள் எடுத்து ஓட்டிவிட்டுப் போய், "கோத்தகிரியில் ரேஸ் சைக்கிள் என்று சொல்லி மட்டமான சைக்கிளைத் தலையில் கட்டுகிறார்கள். ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) கையை உடைக்கிறது, பிரேக் பிடிக்கவில்லை, பின்சக்கரம் தூக்கி எறிகிறது" என்று எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில், என்னை மிகவும் வருத்திய விஷயம். நம் கடையில் ரேஸ் சைக்கிள் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. இருக்கிறது என்று நானோ கடைப் பையன்களோ யாரிடமும் சொன்னதும் இல்லை. ரசீதில் சைக்கிளின் மாடல், வருடம், ஃபோர்க்கின் பெயர் எல்லாவற்றையும் எழுதித்தான் கொடுக்கிறோம். கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் டவுன்ஹில் உலகக் கோப்பைப் படங்கள் பையன்கள் ஆசைப்பட்டு ஒட்டியவை. அந்தப் படத்தில் இருக்கும் சைக்கிள்தான் வாடகைக்குக் கிடைக்கும் என்று யாராவது நினைத்திருந்தால், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்லி வருகிறேன்: இவை பட்ஜெட் டவுன்ஹில் சைக்கிள்கள், யோசித்துத் தேர்ந்தெடுத்து வாங்கியவை. விலை குறைந்தது என்பதும் மட்டமானது என்பதும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தை இன்று கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

அளந்து பார்த்தால் நம் சைக்கிளுக்கும் ரேஸ் சைக்கிளுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. இரண்டிலும் முன்னும் பின்னும் 200 மி.மீ. அளவுக்கு அமுங்கும் சஸ்பென்ஷன். இரண்டிலும் மோட்டார் சைக்கிள் போல ஹேண்டில்பார் தண்டின் மேலும் கீழும் பிடிக்கும் இரட்டை கிரவுன் ஃபோர்க். அந்தத் தண்டின் சாய்வான ஹெட் ஆங்கிள் 63 டிகிரியை ஒட்டி. நான்கு பிஸ்டன்கள் அழுத்திப் பிடிக்கும் பிரேக், 200 மி.மீ. விட்டமுள்ள டிஸ்க். ஒரு காலத்தில் விலை உயர்ந்த சைக்கிள்களில் மட்டும் இருந்த வடிவமைப்பு இன்று நடுத்தர விலைச் சைக்கிளுக்கே வந்துவிட்டது.

ஃபிரேம் அலுமினியம்தானே, கார்பன் இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. ரேஸ் சைக்கிள் செய்யும் கோமென்சால் நிறுவனம் அலுமினியத்தில் மட்டுமே ஃபிரேம் செய்கிறது. அந்த ஃபிரேமில்தான் அமோரி பியரோன் 2018-லும் 2022-லும் உலகக் கோப்பைத் தொடரை வென்றார். மிரியம் நிக்கோல் 2019-லும் 2021-லும் உலக சாம்பியன் ஆனார். எடையையும் ஒரு குறையாகச் சொல்கிறார்கள். நம் சைக்கிள் 17 கிலோவைத் தாண்டும், ரேஸ் சைக்கிள் 16 கிலோவை ஒட்டி இருக்கும். இறக்கத்தில் அந்த ஒரு கிலோ பெரிய விஷயமில்லை. சைக்கிள் நிலையாக நிற்கட்டும் என்று சில அணிகள் ஃபிரேமின் அடியில் எடைக்கட்டி வைத்தே ஓட்டிப் பார்த்திருக்கின்றன. பிக்கப்பில் தூக்கி ஏற்றும் நம் பையன்களுக்குத்தான் அந்த எடை தெரியும்.

உண்மையான வேறுபாடு ஒன்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. ஃபோர்க்குக்குள் எண்ணெய் ஓடும் பாதையைத்தான் சொல்கிறேன். ஸ்பிரிங் அமுங்குவதையும் திரும்ப எழுவதையும் கட்டுப்படுத்துவது அந்த டாம்பர். விலை உயர்ந்ததில், மெதுவாக அமுங்குவதற்குத் தனியாக ஒரு திருகு, சட்டென்று அடிபடும்போது அமுங்குவதற்குத் தனியாக ஒரு திருகு. எண்ணெயும் காற்றும் கலக்காதபடி உள்ளே தடுப்பும் இருக்கும். நம் சைக்கிளில் அமுங்குவதற்கு ஒரு திருகு, எழுவதற்கு ஒரு திருகு, அவ்வளவுதான்.

எஸ்டேட் மண்பாதையில் சைக்கிளுக்குப் பழகிக்கொண்டே இறங்கும் வேகத்தில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. சில்வர் ஓக் வேர்கள் வரிசையாகக் குறுக்கே கிடக்கும் இடத்தில் வேகமாக விட்டீர்கள் என்றால்தான் தெரியும். முதல் வேரிலும் இரண்டாவது வேரிலும் ஒன்றும் இருக்காது. ஐந்தாவது ஆறாவது வேரில் ஃபோர்க் முழுதாக எழுவதற்குள் அடுத்த அடி விழும், அதிர்ச்சி உள்ளங்கைக்கு வரும். இறக்கத்தின் கடைசியில் விரலை நீட்டி பிரேக் லீவரைப் பிடிக்கவே கஷ்டமாக இருக்கும். கை வலிக்கிறது என்று சொன்னது பொய் இல்லை. பட்ஜெட் ஃபோர்க்கின் எல்லை அது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அதே இடத்தில் உண்மையான ரேஸ் சைக்கிளைக் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் யோசிக்க வேண்டும். உலகக் கோப்பை ஓட்டுபவர்கள் கடினமான ஸ்பிரிங் போட்டு, டாம்பரை இறுக்கி வைத்திருப்பார்கள். அவர்கள் போகும் வேகத்தில்தான் அது இளகும். நம் ஊருக்குச் சனி ஞாயிறு வரும் ஒருவர் அதில் ஏறினால் கட்டையில் உட்கார்ந்தது போல இருக்கும். விலையுயர்ந்த சைக்கிள் எல்லாருக்கும் சுகமாக இருக்கும் என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் நான் பார்க்கும் பெரிய தவறான எண்ணம்.

பின்சக்கரம் தூக்கி எறிவதற்குக் காரணம் வேறு. கடை வாசலில் ஏன் எடை மிஷின் வைத்திருக்கிறோம், ஹெல்மெட், பேக், தண்ணீர் எல்லாவற்றோடும் ஏன் ஏறி நிற்கச் சொல்கிறோம் என்று பலருக்குச் சலிப்பு. எங்கள் சைக்கிள்களில் பின்னால் இருப்பது சுருள் ஸ்பிரிங். அதன் விறைப்பு 400, 450, 500 பவுண்டு என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். ஆளின் எடையைப் பார்த்துத்தான் அதை மாட்டுகிறோம். அந்த ஸ்பிரிங் சுற்றியிருக்கும் ஷாக் மொத்தம் 75 மி.மீ. அமுங்கும் என்றால் (சக்கரம் நகரும் 200 மி.மீ. வேறு), நீங்கள் ஏறி நின்றதும் 22 மி.மீ. அளவுக்கு அமுங்கி நிற்க வேண்டும். அதைப் பையன் கீழே குனிந்து ஸ்கேல் வைத்துப் பார்ப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். 80 கிலோ ஆளுக்கு மாட்டிய ஸ்பிரிங்கில் 58 கிலோ ஆள் ஏறினால், மேட்டில் ஏறி இறங்கும்போது அது பின்னாலிருந்து உதைக்கத்தான் செய்யும். அந்தக் குழுவினர் டீ பேக்டரி அருகே நின்று சைக்கிளை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். கூட வந்த டிரைவர்தான் அப்புறம் சொன்னார். அவர்கள் வேண்டுமென்றே செய்ததாக நான் சொல்லவில்லை. நண்பர்கள் மாற்றிக்கொள்வது இயல்புதான். ஆனால் அதற்குச் சைக்கிளைக் குறை சொன்னால் எப்படி?

பிரேக் விஷயத்துக்கு வருகிறேன். பாதுகாப்புச் சம்பந்தப்பட்டது என்பதால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 107 கிலோ என்று வையுங்கள். 500 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வந்து நிற்பதற்குள் சுமார் 5 லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. உலகக் கோப்பைப் பந்தயமும் கிட்டத்தட்ட இதே அளவு உயரத்தைத்தான் இறங்குகிறது. ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் பாதையில் ஏறத்தாழ 550 மீட்டர் இறக்கம். அவர்கள் அதை ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள். வேகத்தில் எதிர்க்காற்றே ஒரு பெரிய பங்கை வாங்கிக்கொள்கிறது. வளைவுக்கு முன் ஒரு முறை அழுத்திப் பிடித்து, உடனே விட்டுவிடுகிறார்கள். டிஸ்க் ஆறிவிடும்.

நம் ஆட்கள் அப்படி இறங்குவதில்லை. இறங்கவும் வேண்டாம். மெதுவாக, லீவரிலிருந்து விரலை எடுக்காமல் வருகிறார்கள். அப்போது காற்று ஒன்றும் வாங்கிக்கொள்ளாது. சூடு கிட்டத்தட்ட முழுதும் பிரேக்குக்கே போகும், ஆறவும் நேரம் இருக்காது. டிஸ்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேடு கண்ணாடி போல மினுமினுப்பாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் கீச்சென்று சத்தம்தான் வரும், பிடிக்காது. கழற்றி வெளிச்சத்தில் காட்டினால் யாருக்கும் புரியும். அன்று அந்தக் குழு திருப்பிக் கொடுத்த சைக்கிள்களின் பேடுகள் இன்னும் கடையில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

விலை குறைந்த சைக்கிளுடன் வரும் டிஸ்குகளில் பல ரெசின் பேடுக்கு மட்டும் என்று எழுதியே வருகின்றன. ரெசின் பேடு மென்மையாகப் பிடிக்கும், சத்தம் போடாது, ஆனால் சூடு தாங்காது. உலோகத் துகள் சேர்த்த பேடு சூட்டையும் சேற்றையும் தாங்கும், அதற்கு இன்னும் கடினமான டிஸ்க் வேண்டும். கையிலிருந்து செலவு செய்து முன்பக்க டிஸ்க் எல்லாவற்றையும் மாற்றி உலோகப் பேடு போட்டிருக்கிறோம். பின்பக்கமும் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருக்கிறது. அதுவரை என் வேண்டுகோள்: இறங்கும் வழியில் சமமான இடம் வந்தால் நில்லுங்கள். இரண்டு நிமிடம் போதும். டிஸ்கைக் கையால் தொட்டு மட்டும் பார்க்காதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வேறுபாடு டயரில் என்றுதான் நான் சொல்வேன். இதை யாருமே எழுதவில்லை. ரேஸ் டயருக்கு இரண்டு அடுக்குத் துணி. ஒரு டயரே 1.2, 1.3 கிலோ வரும். அதனால் காற்றழுத்தத்தை 22, 24 பிஎஸ்ஐ என்று குறைத்து வைக்கலாம், ரிம் கல்லில் இடிக்காது. டயர் தரையில் பரவி ஒட்டும். பட்ஜெட் சைக்கிளுடன் வருவது ஒற்றை அடுக்கு. அதில் அவ்வளவு குறைத்தால் பஞ்சர் ஆகும், 28 வைக்க வேண்டியிருக்கும். அந்த நாலைந்து பிஎஸ்ஐதான் ஈர வேரில் டயர் நிற்பதற்கும் வழுக்குவதற்கும் உள்ள வேறுபாடு. ரப்பரும் அப்படித்தான். மென்மையான ரப்பர் பாறையில் ஒட்டும், ஆனால் எஸ்டேட் கான்கிரீட் சாலையில் சீக்கிரம் தேய்ந்துவிடும். நாங்கள் முன்சக்கரத்துக்கு மட்டும் இரண்டு அடுக்கு, மென்ரப்பர் டயர் போடுகிறோம். பின்னால் கடினமானது. முன்சக்கரம் வழுக்கினால் ஆள் விழுவார், பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம். எந்தச் சைக்கிளுக்கும் பணம் செலவழிக்க நினைத்தால் முதலில் முன் டயர், அடுத்து பிரேக் பேடு, அதற்குப் பிறகுதான் ஃபோர்க் என்று என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்வேன். இவ்வளவும் சரியாக இருந்தால், நன்றாக ஓட்டுபவர் ஒருவர் பட்ஜெட் சைக்கிளிலேயே ரேஸ் சைக்கிளுக்குச் சில நொடிகள் பின்னால் வந்து சேருவார். அந்தச் சில நொடிக்குத்தான் பல லட்சம் ரூபாய்.

மழைக்காலம் பற்றியும் ஒன்று. ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூனில் ஆரம்பித்துவிடும். நமக்குப் பெரிய மழை அக்டோபரிலிருந்துதான். அந்தச் செம்மண் சேறு ஷாக்கைத் தாங்கும் பேரிங்குகளுக்குள் புகுந்து லொடலொட என்று ஆட்டம் கொடுக்கும். விலையுயர்ந்த சைக்கிளிலும் கொடுக்கும், ஆனால் பட்ஜெட் சைக்கிளில் சீக்கிரம். ஃபோர்க் கால்களுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை எண்ணெய் மாற்ற வேண்டும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். அதை நாங்கள் தவறவிட்டதில்லை. ஆரம்பத்திலிருந்து இருந்த எங்கள் மெக்கானிக் தம்பி நல்ல சம்பளத்துக்குப் பெங்களூரு போய்விட்டார். அவர் நன்றாக இருக்கட்டும். இப்போது அந்த வேலையை நானே மாலையில் உட்கார்ந்து செய்கிறேன். அதனால் செவ்வாய்க்கிழமை கடை இருக்காது, அடுத்த மாதத்திலிருந்து நாள் வாடகை 300 ரூபாய் கூடும், தேய்ந்த பேடுக்குத் தனிக் கணக்கு.

இந்தச் சமயத்தில் எங்களோடு நின்றவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அந்தச் செய்தி வந்த குழுவிலேயே, நான் கேட்காமலேயே, "நான் வருடக்கணக்காக அங்கே எடுக்கிறேன், அப்படி ஒன்றும் இல்லை" என்று எழுதிய கோவைக் கல்லூரித் தம்பிகள், குன்னூரிலிருந்து பஸ்ஸில் வந்து "கடையை மூடிடாதீங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போன அக்கா, தங்கள் சொந்த ரேஸ் சைக்கிளையும் எங்களிடமே சர்வீஸுக்கு விடும் ஊட்டி நண்பர்கள் எல்லோரையும் நினைத்துக்கொள்கிறேன். வழி கொடுக்கும் எஸ்டேட்காரர்களுக்கும் நன்றி. கொழுந்து பறிக்கும் அக்காமார் பாதையோரம் இருந்தால் தயவுசெய்து இறங்கி நடந்து போங்கள். அவர்கள் முதுகில் சுமையோடு சட்டென்று ஒதுங்க முடியாது. காட்டுக்குள் நாம் போவதில்லை. குஞ்சப்பனை பக்கம் பலாப்பழக் காலத்தில் யானை இறங்கும், அந்த மாதங்களில் மதியத்துக்கு மேல் அந்த வழியில் யாரையும் அனுப்ப மாட்டேன். எவ்வளவு கேட்டாலும் இதே பதில்தான்.

அந்தக் குழுவினர் இதைப் படித்தால், அவர்களையும் அழைக்கிறேன். ஒரு நாள் வாருங்கள். உங்கள் எடைக்கு ஸ்பிரிங் மாட்டி, புது பேடு போட்டுத் தருகிறேன், வாடகை வேண்டாம். என்னோடு ஒரு முறை இறங்குங்கள். அதற்குப் பிறகும் மட்டம் என்று தோன்றினால் அப்படியே எழுதுங்கள்.

மற்றவர்கள் வெள்ளிக்கிழமை மாலைக்குள் போன் செய்து, சைக்கிள் எத்தனை, ஒவ்வொருவரின் எடை எவ்வளவு என்று சொல்லிவிட்டால் சனிக்கிழமை காலை ஸ்பிரிங் மாட்டித் தயாராக வைத்திருப்போம். வெளியூர் வண்டியில் வருபவர்கள் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சைக்கிள் கடைக்காரர்
கோத்தகிரி