விதவையின் காசும் அதற்கு முந்தின வசனமும்

ஆசிரியர் அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

சென்ற இதழில் மாற்கு சுவிசேஷம் 12-ஆம் அதிகாரத்து ஏழை விதவையின் காணிக்கை பற்றிய தியானத்தை வாசித்தேன். ஐசுவரியவான்கள் மிகுதியாகப் போட, அவள் தன்னிடம் இருந்த இரண்டு காசையும் தேவாலயக் காணிக்கைப் பெட்டியில் போட்ட கதை. நன்றாகவே இருந்தது. ஆனால் 41-ஆம் வசனத்தில் தொடங்கி 44-இல் முடித்துவிட்டீர்கள். எங்கள் குமரி மாவட்டத்தில் கேட்கிற ஸ்தோத்திரப் பண்டிகைப் பிரசங்கங்களும் பெரும்பாலும் அப்படித்தான்.

ஒரே ஒரு வசனம் முன்னால் போங்கள். வேதபாரகர், அதாவது வேதத்தைப் போதிக்கிற பண்டிதர்கள், "விதவைகளின் வீடுகளைப் பட்சித்து" (விழுங்கி) நீண்ட ஜெபம்பண்ணுகிறார்கள் என்கிறார் இயேசு. சொன்ன கையோடு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து ஒரு விதவையைப் பார்க்கிறார். 13-ஆம் அதிகாரம் தொடங்கியதும் சீஷன் ஒருவன் தேவாலயத்தின் கல்லையும் கட்டடத்தையும் காட்டி வியக்க, ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்று பதில் வருகிறது. அதிகாரப் பிரிவெல்லாம் பிற்காலத்தில் போட்டது. மாற்கு எழுதியதில் இது ஒரே ஓட்டம். எல்லாரையும்விட அதிகமாகப் போட்டாள் என்றாரே தவிர, நீங்களும் இப்படிப் போடுங்கள் என்று அவர் அங்கே சொல்லவில்லை. "ஜீவனத்துக்கு உண்டாயிருந்ததெல்லாம்" போட்டுவிட்டாளே, அன்று ராத்திரி அவள் வீட்டில் அடுப்பு எரிந்திருக்குமா?

"ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசு" என்று நம் வேதாகமம் சொல்கிறது. திருவிதாங்கூர்க் காலத்துப் பாட்டி ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்தார். 16 காசு ஒரு சக்கரம் என்று அந்தக் காலத்து நாணயக் கணக்குச் சொல்வார். இந்தக் கதையைக் கேட்டால், "ரெண்டு காசுக்கு என்னத்த கிட்டும்?" என்பார். எந்தப் பிரசங்கியாரும் கேட்காத கேள்வி.

போன வருஷம் எங்கள் சபை ஸ்தோத்திரப் பண்டிகையில், காணிக்கையாக வந்த பொருள்களை ஏலம் விட்டபோது நடந்ததைச் சொல்கிறேன். ஏத்தன் வாழைக்குலை, தேங்காய், மரச்சீனிக்கிழங்கு எல்லாம் போனபின் ஒரு முட்டை ஏலத்துக்கு வந்தது. ஒருதரம், ரெண்டுதரம் என்று ஏறி 2,000 ரூபாய்க்கு வெளிநாட்டிலிருந்து வந்திருந்த தம்பி ஒருவர் எடுத்தார். கைதட்டல். அவர் பெயர் மைக்கில் இரண்டு முறை ஒலித்தது. கோழி யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. முட்டையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக் கொண்டுவந்த அம்மாவோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அண்டியாபீசில் (முந்திரித் தொழிற்சாலையில்) முந்திரிக்கொட்டை உடைத்து விரல் கறுத்தவர். தினமும் உலை வைக்குமுன் ஆலயக் காணிக்கைக்கென்று கைப்பிடி அரிசி எடுத்துவைப்பவர். அவர் வீட்டு ஓட்டின்மேல் தார்ப்பாய் கிடக்கிறது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு உள்ளே மூன்று பாத்திரம் வைக்க வேண்டும்.

பழைய ஆலயத்தை இடித்துப் புதிது கட்ட, குடும்பத்துக்கு 10,000 ரூபாய் என்று எங்கள் சபையில் வரி போட்டார்கள். அவருக்கும் அதே தொகைதான். நானும் கமிட்டியில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. அதனால் யாரையும் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஆதித்திருச்சபை இப்படிச் சும்மா இருக்கவில்லை. பந்தி விசாரணையில் (அன்றாட உணவுப் பகிர்வில்) விதவைகள் கவனிக்கப்படவில்லை என்ற முறுமுறுப்பு வந்ததும், அப்போஸ்தலர் 6-இல் ஏழு பேரை அதற்கென்றே நியமித்தார்கள். 1 தீமோத்தேயு 5-இல் யாரைச் சபை பராமரிக்க வேண்டும் என்று வயது முதற்கொண்டு பவுல் எழுதுகிறார். நம் சபைகளில் கட்டடத்துக்குக் கமிட்டி உண்டு, அசனத்துக்கு (சபை விருந்துக்கு) உண்டு, ஏலத்துக்கும் உண்டு. விதவைகளுக்கு? கிறிஸ்மஸுக்கு ஒரு சேலை கொடுப்போம், போட்டோ எடுப்போம், அவ்வளவுதான்.

உறுத்தல் தாங்காமல் போன மாதம் அவர் வீட்டுக்குப் போய், உங்கள் வரியைத் தள்ளச் சொல்கிறேன் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எம் பேர வெட்டிராத மக்களே. நா கட்டுன கோயில்னு சொல்ல வேண்டாமா?" என்றார்.

சரி, அவர் கொடுக்கட்டும். ஆனால் அவர் வீட்டுக் கூரை ஓடுகளை மாற்றுகிற செலவைக் கட்டட நிதியின் முதல் செலவாக எழுதச் சொல்லி அடுத்த கமிட்டியில் கேட்கப்போகிறேன்.

இப்படிக்கு,
சபை அங்கத்தினர் ஒருவர்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.